மூச்சு வாங்குவதை மறைத்தவர்கள்

நாற்பத்தோரு வயதில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர்க் குளத்தில் காலை ஆறரை முதல் ஏழரை வரை பெண்களுக்கான நேரம். எங்களில் பாதிப்பேர் படியில் உட்கார்ந்து காலை நனைப்பதற்கே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவர்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் பயிற்சியாளர் புதிதாக ஒன்றைச் செய்யச் சொன்னார். “மல்லாந்து படுங்கள். கால் அசையக் கூடாது. கைகளை இடுப்போரம் வைத்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தடவுங்கள். வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. வேறு எதுவும் செய்ய வேண்டாம்.”

தோசைக்கல்லில் மாவை இழுக்கும் கை அசைவு போன்றதுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் உடம்பு தண்ணீரின்மேல் ஒரு பலகையைப் போல நின்றது. மணிக்கட்டைச் சற்று மடக்கி விரல்நுனியை மேலே தூக்கினால் தலைப்பக்கமாக நகர்ந்தது. விரலைக் கீழே தாழ்த்தினால் கால்பக்கமாக நகர்ந்தது. அதற்கு ‘ஸ்கல்லிங்’ என்று பெயர். “சிங்க்ரோ ஆடுகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி” என்றார். சிங்க்ரோ என்றால் ஒத்திசைவு நீச்சல், இசைக்கு ஏற்ப எல்லோரும் ஒன்றுபோல் தண்ணீரில் ஆடுவது. பிறகு ஒரு காலை நேராக வானத்தை நோக்கித் தூக்கச் சொன்னார். தூக்கிய நொடியில் இடுப்பு அமிழ்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறியது.

ஏன் அமிழ்கிறது என்பதை அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. ஒரு காலின் எடை ஏறக்குறைய உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த எடையைத் தண்ணீர் தாங்குகிறது. வெளியே எடுத்ததும் அது முழுதாக நம்மேல் விழுகிறது. தரையைத் தொடாமல், எதையும் பிடிக்காமல், அதை இரண்டு உள்ளங்கைகள் மட்டும் தாங்க வேண்டும். மேலே தெரியும் முகமோ சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒலிம்பிக் ஒளிபரப்பில் ஒத்திசைவு நீச்சல் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சிரிப்பார். ஜெலட்டின் தடவி இறுக்கிய கொண்டை, மூக்கில் கவ்வி, பளபளக்கும் உடை, ஒரே மாதிரிப் புன்னகை. “இதெல்லாம் ஒரு விளையாட்டா?” என்ற கேள்வி ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் ஒருமுறை வந்துவிடும். அந்தக் காலைக்குப் பிறகு என்னால் அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு கடினமான ஒன்றுக்கு இவ்வளவு ஒப்பனை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை ஒலிம்பிக்குக்கு அழைத்துப் போகவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெண்கள் உடற்பயிற்சிக் கூடங்களுக்குள், அடித்தளங்களில் இருந்த சிறிய குளங்களுக்கு அழைத்துப் போனது.

அந்தக் குளங்களுக்கு முன்னால் இருந்தவர் ஆஸ்திரேலியாவின் அனெட் கெல்லர்மேன். 1907இல் நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக் காட்டியவர். தண்ணீருக்குள் ஒரு பெண்ணின் உடல் அழகாகவும் வலுவாகவும் இருக்க முடியும் என்று காசு கொடுத்து வந்த கூட்டத்துக்குக் காட்டினார். ஆனால் அது ஒருவரின் கலை. அதைப் பலரும் கற்கக்கூடிய பாடமாக மாற்றியவர் மில்வாக்கி நகரில் 1897இல் பிறந்த கேத்தரின் கர்ட்டிஸ்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே அவர் நீச்சலின் அசைவுகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்து, 1923இல் அங்கே மாணவிகளுக்கான நீர் நடனக் குழு ஒன்றைத் தொடங்கினார். சிகாகோ அப்போது நீச்சலைப் பெரிதாக மதித்த பல்கலைக்கழகம். நீந்தத் தெரியாமல் பட்டம் வாங்க முடியாது என்ற விதி அங்கே 2012 வரை இருந்தது. பெண்களுக்கென்றே 1916இல் கட்டப்பட்ட ஐடா நோய்ஸ் மாளிகையில் உடற்பயிற்சிக் கூடமும் குளமும் இருந்தன. நீந்தத் தெரிந்த இளம்பெண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அந்த நீச்சலைக் கொண்டு அவர்கள் செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை? இந்த இடத்தில் 1923 என்ற ஆண்டு எனக்கு முக்கியமாகிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் லூ ஹென்றி ஹூவர். அவருடைய கணவர் ஹெர்பர்ட் ஹூவர் பின்னால் அமெரிக்க அதிபரானார். பெண்களின் விளையாட்டு எப்படி நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்யக் கூடிய மாநாடு அது. அங்கே உருவான கொள்கை அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது: எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும், ஆனால் வெற்றிக்காகப் போட்டியிடக் கூடாது. கல்லூரி எதிர் கல்லூரி வேண்டாம். கோப்பை வேண்டாம். டிக்கெட் விற்று வரும் கூட்டம் வேண்டாம்.

இந்தக் கொள்கையை வகுத்தவர்களில் பெரும்பாலோர் பெண் உடற்கல்வி ஆசிரியர்கள். அவர்களை எளிதாகப் பழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆண்களின் கல்லூரிக் கால்பந்து பணத்தாலும் காயத்தாலும் என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். தங்கள் மாணவிகளை ஆண் பயிற்சியாளர்களும் விளம்பரக்காரர்களும் கையில் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்தார்கள். கூடவே, கடும் போட்டி பெண்ணின் கருப்பையைக் கெடுத்துவிடும் என்ற அக்கால மருத்துவ நம்பிக்கையும் அவர்களுக்குள் இருந்தது. அன்பும் அச்சமும் அறியாமையும் ஒன்றாகக் கலந்து ஒரு பூட்டாகிவிட்டன. போட்டிக்குப் பதிலாக ‘விளையாட்டு நாள்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நாலைந்து கல்லூரிகளின் மாணவிகள் ஒரே இடத்தில் கூடுவார்கள். அவர்களைக் கலைத்துப் போட்டுப் புதிய அணிகளாகப் பிரிப்பார்கள். எந்தக் கல்லூரியும் ஜெயிக்காது, எந்தக் கல்லூரியும் தோற்காது.

அந்தப் பூட்டில் ஒரு துவாரம் இருந்தது. போட்டிக்குத்தான் தடை. நிகழ்ச்சிக்குத் தடை இல்லை.

ஒரு மாணவி எதிர்க் கல்லூரிப் பெண்ணை நூறு கெஜத்தில் முந்தக் கூடாது. ஆனால் அதே மாணவி பதினைந்து தோழிகளோடு சேர்ந்து, இசைக்கு ஏற்ப, தண்ணீரில் தாமரைபோல் விரிந்தால் அதைப் பார்க்கக் கல்லூரித் தலைவரே மனைவியோடு வந்து உட்காருவார். அந்தத் தாமரைக்கு எவ்வளவு நுரையீரல் வேண்டும், எவ்வளவு வயிற்றுத் தசை வேண்டும், எத்தனை மாத அதிகாலை வேண்டும் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததால்தான் அது அனுமதிக்கப்பட்டது. ஒத்திசைவு நீச்சலின் புன்னகை எனக்கு இப்போது அப்படித்தான் தெரிகிறது. மூச்சு வாங்குவது வெளியே தெரிந்திருந்தால் கதவை மூடியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு வேறொரு பக்கத்திலிருந்தும் ஆதரவு வந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உயிர்காப்புப் படையை 1914இல் தொடங்கிய வில்பர்ட் லாங்ஃபெல்லோ, நீர்ப் பாதுகாப்பை மக்களுக்குச் சொல்லித்தர நீர் நாடகங்களையே பயன்படுத்தினார். கதையும் வேடமும் இருந்தால் கூட்டம் சேரும், சேர்ந்த கூட்டத்துக்கு மூழ்கியவரை மீட்பது எப்படி என்று காட்டிவிடலாம். கல்லூரிகளில் உயிர்காப்புச் சான்றிதழ் வாங்கிய மாணவிகளே இந்தக் குழுக்களுக்கு முதுகெலும்பாக இருந்தார்கள். வேடத்துக்கும் சரிகைக்கும் அடியில், ஆளைக் கரைக்கு இழுத்து வரத் தெரிந்த கைகள் இருந்தன.

1933ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி தொடங்கியது. கர்ட்டிஸ் அறுபது நீச்சல் பெண்களைக் கொண்டு ‘நவீன கடற்கன்னிகள்’ என்ற பெயரில் அங்கே நிகழ்ச்சி நடத்தினார். அறிவிப்பாளராக இருந்தவர் நார்மன் ராஸ், 1920 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றவர். அவர் வாயிலிருந்துதான் ‘சிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங்’ என்ற சொல் பிறந்தது. அதுவரை நீர் நடனம், அலங்கார நீச்சல், தாள நீச்சல் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1936இல் கர்ட்டிஸ் தம் அனுபவத்தையெல்லாம் தொகுத்து ஒரு கையேடாக வெளியிட்டார். உடற்கல்வி ஆசிரியர் ஒருவருக்கு ஒரு குளமும் இருபது மாணவிகளும் இருந்தால் போதும், தாமே ஒரு குழுவைத் தொடங்கலாம் என்ற நிலை வந்தது.

தாளத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நமக்குக் கச்சேரியில் தாளம் போடுவது பழக்கம், காதில் விழுவதைக் கை பின்பற்றுகிறது. தண்ணீருக்குள் அது நடக்காது. காற்றில் பிறக்கும் ஒலியின் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே நுழையும் கொஞ்ச ஒலியும் காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது, நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். எனவே எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. நீருக்கடி ஒலிபெருக்கிகள் வருவதற்கு முந்தைய தலைமுறை மாணவிகளுக்குத் தலை அமிழ்ந்ததும் பாட்டு அறுந்துவிடும். அவர்கள் செய்ததெல்லாம் எண்ணியதுதான். ஒன்று முதல் எட்டு வரை, மறுபடி ஒன்று முதல் எட்டு வரை. மூச்சைப் பிடித்தபடி, தலைகீழாக, கண்ணில் குளோரின் எரிய, பக்கத்தில் இருப்பவளின் கால் எங்கே என்று பார்க்காமல் எண்ண வேண்டும். பதினாறு பேர் தனித்தனியாக எண்ணிய எண்ணிக்கை ஒரே நொடியில் மேலே வர வேண்டும். எங்கள் குளத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இதை முயன்று பார்த்திருக்கிறோம். மூன்று பேரின் ‘எட்டு’ ஒன்றாக வரவே ஒரு மாதம் ஆனது.

நான் அதிகம் நேசிக்கும் குழு சிகாகோவுடையது அல்ல. ஃபுளோரிடா மாநிலத்தின் தலைநகரமான டல்லஹாசியில் பெண்களுக்கான அரசுக் கல்லூரி ஒன்று இருந்தது. ஃபுளோரிடா மாநில மகளிர் கல்லூரி என்று பெயர். ஒற்றைப்படை ஆண்டில் பட்டம் பெறுவோர் ஓர் அணி, இரட்டைப்படை ஆண்டில் பெறுவோர் மற்றோர் அணி என்று கல்லூரிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து மோதிக்கொள்வார்கள். வெளியே போட்டியிட விடாத பெண்கள் தங்களுக்குள்ளேயே எதிரியை உண்டாக்கிக்கொண்ட விதம் அது. அந்தக் கல்லூரியில் 1937இல் தொடங்கப்பட்டது டார்பன் கிளப்.

டார்பன் என்பது ஃபுளோரிடாக் கடலோரத்தின் பெரிய வெள்ளி மீன். ஆளுயரத்துக்கு வளரும். அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீன் நம்முடைய கழிமுகங்களிலும் உண்டு. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, எனக்கு அந்த மீனின் ஒரு குணம் மனத்தை விட்டுப் போவதில்லை. டார்பன் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும். அவ்வப்போது மேற்பரப்புக்கு உருண்டு வந்து, வாய் திறந்து ஒரு மடக்குக் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடும். மேலே வந்த அந்த நொடியில் வெயில் பட்டு வெள்ளியாகப் பளீரிடும். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது அந்தப் பளபளப்பு. மீனுக்கு அது மூச்சு.

1947இல் அந்த மகளிர் கல்லூரி ஆண்களையும் சேர்த்துக்கொண்டு ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகமாக மாறியது. போரிலிருந்து திரும்பிய ஆண்கள் ஆயிரக்கணக்கில் படிக்க இடம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கால்பந்து அணி வந்தது, அரங்கம் வந்தது, பல்கலைக்கழகத்தின் முகம் மாறியது. பெண்கள் மட்டும் படித்த இடத்தில் பெண்கள் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஆனால் டார்பன் கிளப் அந்த மாற்றத்தைத் தாண்டி நின்றது. ஆண்டுதோறும் நிகழ்ச்சி. ஒரு கருப்பொருள், அதற்கேற்ற உடை, விளக்கு, இசை. நடனத்தை அமைத்தவர்கள் மாணவிகள். ஒரு தலைமுறை மாணவிகள் போன பிறகு அடுத்தவர்களுக்கு அசைவுகளைக் கற்றுக்கொடுத்தவர்களும் மாணவிகளே. 1994இல் கலைக்கப்படும் வரை ஐம்பத்தேழு ஆண்டுகள் இப்படி நடந்தது.

இந்தக் குழுவுக்கு வேறு எந்தக் கல்லூரிக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்திருந்தது. டல்லஹாசிக்குத் தெற்கே ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டரில் வக்கல்லா ஊற்று இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஆறே பொங்கி எழுவது போன்ற ஊற்று. அக்காலத்தில் அடித்தரை வரை கண்ணாடிபோல் தெரியும். எட்வர்ட் பால் என்ற செல்வந்தர் அந்த நிலத்தை வாங்கி, கிளப் தொடங்கிய அதே 1937இல் கரையில் விருந்தினர் மாளிகை கட்டினார். அங்கே வேலைக்கு வந்தவர் நியூட்டன் பெர்ரி, தண்ணீருக்குள் படம் எடுக்கும் கலையில் கைதேர்ந்தவர். 1940களில் டார்பன் மாணவிகளை ஊற்றுக்குள் நீந்தவைத்து அவர் குறும்படங்களுக்கு வழிசெய்தார். திரையரங்குகளில் முக்கியப் படத்துக்கு முன்னால் ஓடும் துண்டுப் படங்கள் அவை.

பெர்ரி பின்னர் தம்முடைய சொந்த இடத்தை உண்டாக்கினார். 1947 அக்டோபர் 13 அன்று ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில், சுண்ணாம்புப் பாறையில் பதித்த பதினெட்டு இருக்கை கொண்ட சிறிய அரங்கைத் திறந்தார். அங்கே பெண்கள் ரப்பர் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு தண்ணீருக்கு அடியிலேயே ஆடினார்கள். டார்பன் மாணவிகள் சிலரும் அந்தக் கடற்கன்னிகளில் இருந்தார்கள். அந்த நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. கல்லூரிக் குளத்தில் கற்ற ஒன்றுக்குச் சம்பளம் கிடைத்த முதல் இடங்களில் அது ஒன்று. இந்தப் பெண்களின் திறமைக்கு விளையாட்டு உலகத்தில் வேலை இல்லை, சுற்றுலா உலகத்தில் இருந்தது. இதை நான் மகிழ்ச்சியோடும் வருத்தத்தோடும்தான் சொல்கிறேன்.

டார்பன் கிளப்பின் பல புகைப்படங்களை ஃபுளோரிடா மாநில ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றை எத்தனை இரவுகள் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சக்கரமாக விரிந்து மிதக்கும் உடல்களைப் பார்த்தால் கோலப் புள்ளிகளை இணைத்ததுபோல் இருக்கும். ஆனால் அந்தப் பழைய படங்களில் எனக்கு உறுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். அவற்றில் என் நிறத்தில் ஒருவரும் இல்லை.

இருந்திருக்கவும் முடியாது. அந்தப் பல்கலைக்கழகம் 1962 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அதே டல்லஹாசியில், வேறொரு குன்றின்மேல், 1887இல் தொடங்கிய கறுப்பின மக்களின் பல்கலைக்கழகம் இருந்தது. இரண்டுக்கும் நடந்து போகும் தூரம். வக்கல்லாவில் படகோட்டிகளாகக் கறுப்பின ஆண்கள் வேலை செய்தார்கள். விருந்தினர்களுக்கு மீன்களையும் பறவைகளையும் காட்டி ராகத்தோடு கதை சொன்னார்கள். அந்தத் தண்ணீரில் விருந்தினராக நீந்த அவர்களுக்கு உரிமை இல்லை.

தண்ணீரைப் பற்றிய தீட்டு எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதே மாநிலத்தில் ஒரு சாட்சி உண்டு. 1964 ஜூன் 18 அன்று செயின்ட் அகஸ்டீன் நகர விடுதி ஒன்றின் குளத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கினார்கள். விடுதி மேலாளர் அவர்கள் நீந்திக்கொண்டிருந்த தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் போனது. மறுநாள் அமெரிக்க மேலவையில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. ஊர்க் குளத்துக்கும் கிணற்றுக்கும் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று பிரித்து வைத்த மண்ணிலிருந்து வந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை. டார்பன் பெண்களை நேசிக்கிறேன் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன். தங்களுக்கு மூடிய கதவில் துவாரம் கண்டுபிடித்த அந்தப் பெண்கள் நின்ற இடமே வேறு சிலருக்கு மூடிய கதவாக இருந்தது.

போட்டியின் பக்கம் கதை வேறு வேகத்தில் போனது. 1939 மே 27 அன்று சிகாகோ ஆசிரியர் கல்லூரியும் ரைட் ஜூனியர் கல்லூரியும் மோதியதே முதல் போட்டி. அதற்கான விதிகளை வகுக்க உழைத்தவர் கர்ட்டிஸின் மாணவர் ஃப்ராங்க் ஹாவ்லிசெக். 1941இல் அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் இதை ஏற்றது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் காட்சியாக நடத்திக் காட்டினார்கள். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ் இதை விளையாட்டாகவே மதிக்கவில்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸில் தனிநபர், இருவர் பிரிவுகள் சேர்ந்தன. எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் அணிப் பிரிவு, அதாவது கல்லூரிக் குளங்களின் உண்மையான வாரிசு, 1996 அட்லாண்டாவில்தான் வந்தது. 2017இல் உலக நீச்சல் கூட்டமைப்பு பெயரையே ‘கலை நீச்சல்’ என்று மாற்றியது. அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை. கலை என்ற போர்வையில் ஒளிந்திருந்த விளையாட்டை ஒருவழியாக வெளியே கொண்டுவந்த பிறகு, மறுபடி அதே போர்வையைப் போர்த்துவானேன்?

பல்கலைக்கழகங்களில் உண்மையான திருப்பம் 1972இல் வந்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ‘டைட்டில் நைன்’ சட்டம். 1923இன் பூட்டு அதோடு உடைந்தது. பெண்களுக்கான கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1977இல் ஒத்திசைவு நீச்சலுக்குத் தேசியப் போட்டி நடத்தியபோது வென்றது ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். அங்கேயும் அடித்தளம் பழைய குழுதான்: 1928இல் ‘ஸ்வான் கிளப்’ என்ற பெயரில் தொடங்கியது. அன்னங்கள் அங்கே அதிகாரப்பூர்வ அணியாக வளர்ந்தன. மேரி ஜோ ருஜியேரி என்ற பயிற்சியாளரின் கையில் தேசியப் பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கின. 1992 பார்சிலோனாவில் இருவர் பிரிவில் தங்கம் வென்ற இரட்டைச் சகோதரிகள் கேரன், சாரா ஜோசப்சன் அந்த அணியில் வளர்ந்தவர்கள்.

ஆனால் ஒஹையோ ஒரு விதிவிலக்கு. பெரும்பாலான கல்லூரிகளில் சட்டம் திறந்த கதவு வழியாகப் பெண்கள் கூடைப்பந்துக்குப் போனார்கள், ஓட்டத்துக்குப் போனார்கள், வேக நீச்சலுக்குப் போனார்கள். போகட்டும், அதற்காகத்தானே சட்டம். குளத்தின் மாலை நேரம் அதிகாரப்பூர்வ அணிகளுக்குப் போனது. உதவித்தொகையும் அவர்களுக்கே. கட்டாய உடற்கல்வி வகுப்புகள் நின்றதால் நீந்தத் தெரிந்த புதிய மாணவிகளும் தானாக வந்து சேரவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் பெரிய அமைப்பான என்சிஏஏ இன்றுவரை ஒத்திசைவு நீச்சலுக்குத் தேசியப் போட்டி நடத்தியதில்லை. பெண்கள் போட்டியிட வழியில்லாத காலத்தில் அவர்களைக் காப்பாற்றி வைத்த குழுக்கள், வழி பிறந்த பிறகு ஒவ்வொன்றாகக் கலைந்தன. எனக்கு இதில் கோபம் கொள்ள யாரும் அகப்படவில்லை. அதனால் வருத்தம் குறையவும் இல்லை.

தப்பியவற்றுக்கும் நிம்மதி இல்லை. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பதினொரு விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது அந்தப் பட்டியலில் ஒத்திசைவு நீச்சலும் இருந்தது. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு 2021 மே மாதம் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. அந்த பத்து மாதமும் நான் செய்தியைத் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

என் அக்கா குடும்பம் சில ஆண்டுகள் டல்லஹாசியில் இருந்தது. போன முறை போயிருந்தபோது வக்கல்லாவுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். இப்போது அது மாநிலப் பூங்கா. கயிறு கட்டிப் பிரித்த பகுதியில் யார் வேண்டுமானாலும் நீந்தலாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதலைகள் வெயில் காய்கின்றன. தண்ணீர் ஆண்டு முழுவதும் இருபத்தொரு டிகிரி அளவில் இருக்கும், இறங்கியதும் மார்பைப் பிடிக்கும் குளிர். பழைய படங்களில் தெரிந்த கண்ணாடித் தெளிவு இப்போது பெரும்பாலான நாட்களில் இல்லை. தேநீர்போல் கலங்கிய நிறம்.

நான் போன அன்று நீந்திக்கொண்டிருந்தவர்களில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள். ஒரு கறுப்பினப் பாட்டி தன் பேத்தியின் முதுகைத் தாங்கி மிதக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கடந்து கொஞ்சம் ஆழத்துக்குப் போய் மல்லாந்து படுத்தேன். கைகள் இடுப்போரம், வெளியே, உள்ளே. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்காக எண்ணு” என்று கத்தினேன்.

“எதை?”

“ஒன்றிலிருந்து எட்டு வரை. நான் காலைத் தூக்கியதும் ஆரம்பி.”

காலைத் தூக்கினேன். இடுப்பு இறங்கப் பார்த்தது, உள்ளங்கைகள் விடவில்லை. காது தண்ணீருக்குள் இருந்ததால் அக்காவின் குரல் நான்கு வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. மீதியை நானே எண்ணினேன். எட்டில் காலை இறக்கித் தலையைத் தூக்கியபோது, கரையில் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். எட்டு என்று முடித்துவிட்டு, நான் சொல்லாமலே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.